அவியல் (2008): தாய்மொழியில் ஒரு ராக் இசைத்தொகுப்பு

அவியல், கேரளத்தைச் சேர்ந்த மாற்று ராக் இசைக்குழு. 2003-இல் தொடங்கப்பட்ட இக்குழுவின் முதல் இசைத்தொகுப்பு 2008-இல் குழுவின் பெயரிலேயே வெளிவந்தது. மும்பையைச் சேர்ந்த ஃபாட் ஃபிஷ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதை வெளியிட்டது. இதில் 8 பாடல்கள் உள்ளன. எட்டும் மலையாளப் பாடல்கள். மின்கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், மின்னணு ஒலிகள் ஆகியவற்றோடு நாட்டார் பாட்டின் சாயலும் ஆன்மிகப் பாட்டின் சொற்களும் கலந்த தொகுப்பு இது. தென்னிந்திய மொழி ஒன்றில் ராக் இசை இயல்பாக ஒலிக்க முடியுமா என்ற கேள்விக்கு இத்தொகுப்பு தந்த விடையை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கேள்வி எழுந்த இடம்

கெலமங்கலம் பகுதியில் ஒரு வகுப்பறையில் நாற்பது மாணவர்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் பேசும் மொழி குறைந்தது மூன்றாவது இருக்கும். தெலுங்கு, கன்னடம், தமிழ். ஓசூர்த் தொழிற்சாலைகள் பெருகிய பிறகு மலையாளமும் இந்தியும் சேர்ந்துகொண்டன. பெங்களூர் பேருந்தில் போய்வரும் தொலைவில் இருப்பதால் அங்குள்ள ராக் கச்சேரிகளைப் பற்றிய பேச்சும் மாணவர்களிடம் உண்டு.

நான் பணியில் இருந்தபோது ஓர் ஆண்டு விழாவுக்கு முன் மேல்நிலை வகுப்பு மாணவன் ஒருவன் கிதாரோடு வந்து ஆங்கில ராக் பாட்டு ஒன்றைப் பாட அனுமதி கேட்டான். தமிழில் ஒன்று பாடேன் என்றேன். “சினிமாப் பாட்டு வேணும்னா பாடறேன் சார். இந்த மாதிரி தமிழ்ல பாட முடியாது, சொல்லு உட்காராது” என்றான். அவன் சோம்பலில் அப்படிச் சொல்லவில்லை, முயன்று பார்த்துவிட்டே சொன்னான். அப்போது என்னிடம் விடை இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு அவியல் தொகுப்பைக் கேட்டபோது அவன் சொன்னதில் எது சரி, எது தவறு என்பது விளங்கியது. மாணவர்களுக்கும் இசையில் ஆர்வமுள்ள பிறருக்கும் அது பயன்படக்கூடும்.

மாற்று ராக்

1980-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெரிய இசை நிறுவனங்களுக்கு வெளியே, சிறு நிறுவனங்களையும் கல்லூரி வானொலிகளையும் நம்பி வளர்ந்த ராக் குழுக்களின் இசை ‘மாற்று ராக்’ எனப்பட்டது. ஆர்.இ.எம். குழு அதன் முன்னோடிகளுள் ஒன்று. 1991-இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பு பெருவெற்றி பெற்ற பிறகு ‘மாற்று’ என்பதே மையமாகிவிட்டது.

இவ்வகை இசைக்கென்று கறாரான இலக்கணம் இல்லை. எனினும் சில பொதுத் தன்மைகளைச் சொல்லலாம். கிதாரின் ஒலி வேண்டுமென்றே கரகரப்பாக்கப்படும். ‘ரிஃப்’ எனப்படும் ஒரு சிறிய கிதார்ச் சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கும். வித்தகம் காட்டும் நீண்ட தனிவாசிப்புகளைவிட ஒட்டுமொத்த ஒலிச்சூழலுக்கு முதன்மை கிடைக்கும். பாடகர் குரலழகை நாடாமல் பேச்சுக்கு அருகில் நின்று பாடுவார். நம் திரையிசை பழக்கிய செவிக்கு இவை முதலில் குறைகளாகவே படும். குரல் இனிமையாக இல்லையே, கிதார் இரைகிறதே என்று தோன்றும். அந்தக் கரகரப்பு எதற்காக வைக்கப்பட்டது என்று கேட்கத் தொடங்கும்போதுதான் இந்த இசை பிடிபடும்.

குழுவும் தொகுப்பும்

டோனி ஜான், ரெக்ஸ் விஜயன், மிதுன் புத்தன்வீட்டில், நரேஷ் காமத் ஆகியோர் தொடக்க ஆண்டுகளின் உறுப்பினர்கள். ரெக்ஸ் விஜயன் கிதார்க் கலைஞர். மிதுன் டிரம்ஸ் வாசித்தார். பேஸ் கிதார் வாசித்த நரேஷ் காமத், கைலாஷ் கேரின் ‘கைலாசா’ குழுவிலும் இருந்தவர். தொடக்கத்தில் ஆனந்த்ராஜ் பெஞ்சமின் பால் பாடினார். அவர் விலகிய பின், இசைத்தட்டுகளைக் கையாளும் டி.ஜே.யாக இருந்த டோனி ஜான் முன்னணிப் பாடகரானார். தொகுப்பு வெளிவரும் முன்பே ‘நட நட’ பாடல் தொலைக்காட்சி வழியாகக் கேரள இளைஞர்களிடம் பரவியிருந்தது.

கேரளத்தில் ராக் இசை அதற்கு முன்பும் இருந்தது. கொச்சியின் 13ஏடி குழு 1970-களின் பிற்பகுதியில் தொடங்கி ஆங்கிலத்தில் பாடியது. மதர்ஜேன் குழுவும் ஆங்கிலத்தில்தான் பாடியது. அதன் ‘மக்தூப்’ தொகுப்பும் 2008-இல்தான் வெளிவந்தது. ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, இரண்டு வேறு வழிகள் என்பது கவனிக்கத்தக்கது. மதர்ஜேனின் கிதார்க் கலைஞர் பைஜு தர்மஜன் கர்நாடக இசையின் கமகங்களைக் கிதாரில் கொண்டுவந்தார். இசை மண்ணிலிருந்து வந்தது, சொல் ஆங்கிலத்தில் நின்றது. அவியல் இதற்கு நேர்மாறாகச் சொல்லை மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டு கிதாரைக் கிதாராகவே ஒலிக்கவிட்டது. ராகத்தைக் காட்டித் தன்னை இந்திய இசை என்று மெய்ப்பிக்கும் பதற்றம் இத்தொகுப்பில் இல்லை.

மொழி தடையா?

‘நம் மொழியில் ராக் உட்காராது’ என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஜப்பானில் 1970-களின் தொடக்கத்தில் இதே விவாதம் பத்திரிகைகளில் நடந்தது. ராக் ஆங்கிலத்தில்தான் பாடப்பட வேண்டும் என்று சிலர் வாதிட்டனர். ஹாப்பி எண்ட் என்ற குழு ஜப்பானிய மொழியில் பாடி அதற்கு விடை சொன்னது. அதன் இரண்டாம் தொகுப்பான ‘கஸேமச்சி ரோமன்’ (1971) இன்று அந்நாட்டு ராக் இசையின் அடிக்கற்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இந்தியாவில் கொல்கத்தாவின் மொஹீனேர் கோராகுலி குழு 1977-இலேயே வங்காள மொழியில் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆகவே தாய்மொழி ராக்கில் அவியல் முதல் குழு அல்ல. இத்தொகுப்பின் பெருமையை வேறிடத்தில் தேட வேண்டும்.

மாணவன் சொன்ன ‘சொல்லு உட்காராது’ என்பதில் ஓர் உண்மை உண்டு. ஆங்கிலம் அழுத்தத்தை நம்பும் மொழி. ஒரு சொல்லில் எந்த அசையை அழுத்துகிறோம் என்பதே அங்கு முக்கியம். தமிழும் மலையாளமும் மாத்திரையை நம்பும் மொழிகள். குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். ‘படம்’ ‘பாடம்’ ஆகிவிடும், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும். ஆங்கிலப் பாட்டுக்காக அமைந்த மெட்டில் தமிழ்ச் சொல்லை இட்டு நிரப்பினால் குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது. கேட்பவருக்குச் சிரிப்பு வருகிறது. மாணவன் முயன்று தோற்றது இந்த இடத்தில்தான். தவறு மொழியில் இல்லை. மெட்டை முதலில் எடுத்துக்கொண்டு சொல்லைப் பிறகு தேடிய முறையில்தான் தவறு இருந்தது.

அவியல் குழுவின் பாடல்களைக் கேட்கும்போது அவர்கள் சொல்லிலிருந்து தொடங்கினார்கள் என்றே தோன்றுகிறது. அதிலும் அச்சில் படிப்பதற்காக எழுதப்பட்ட கவிதைகளைவிட, வாயால் சொல்லிச் சொல்லித் தேய்ந்து வலுப்பெற்ற சொற்களையே அவர்கள் மிகுதியும் நாடினார்கள். ஏவல், விளி, அடுக்குத்தொடர் ஆகியவை வேலைப் பாட்டிலும் வழிபாட்டுப் பாட்டிலும் நிறைந்தவை. திரும்பத் திரும்ப வருவதே அவற்றின் இயல்பு. ரிஃபின் இயல்பும் அதுவே. இரண்டும் எளிதில் பொருந்திவிடுகின்றன.

மூன்று பாடல்கள்

நட நட: இத்தலைப்புக்குத் தமிழில் உரை வேண்டியதில்லை. ‘நட’ என்பது இரண்டு குறில்கள் சேர்ந்த நிரையசை. ‘நட நட’ என அடுக்கினால் நான்கு குறில்கள், நான்கு மாத்திரைகள். தாளம் கற்பவர்கள் சொல்லும் ‘தகதிமி’யின் அளவும் இதுதான். ராக் இசையில் மிகப் பரவலான எண்ணிக்கையும் நான்கே. சொல் தானாகவே டிரம்ஸின் அடியில் போய் அமர்கிறது, எந்தக் குறிலையும் இழுக்க வேண்டியதில்லை. பொருளும் அப்படித்தான். நடக்கச் சொல்லும் ஏவல் அடுக்கி வரும்போது அது கட்டளையாகவும் ஊக்கமாகவும் ஒருசேர ஒலிக்கிறது. ஏர் ஓட்டுபவர் மாட்டிடம் சொல்லும் தொனியும் ஊர்வலத்தில் எழும் குரலின் தொனியும் அதில் உண்டு. தொகுப்பின் முதல் பாடலாக இதை வைத்தது பொருத்தமான முடிவு.

கறுகற: இதன் சொற்கள் கவிஞரும் நாடக ஆசிரியருமான காவாலம் நாராயண பணிக்கருடையவை. ஜி. அரவிந்தன் இயக்கிய ‘கும்மாட்டி’ (1979) திரைப்படத்தில் இப்பாட்டு முன்பே இடம்பெற்றது. நாம் ‘கருகரு’ என்று சொல்வதுபோல இருளின் அடர்த்தியைச் சொல்லும் அடுக்கு இது. கார்மேகத்தை யானையாகக் காணும் கற்பனை. திரைப்படத்தில் திறந்தவெளியில் குழந்தைகள் சூழ ஒலித்த பாட்டு இங்கே கரகரக்கும் கிதாருக்குள் வருகிறது. படத்தில் மேகம் தொலைவில் இருந்தது, இங்கே தலைக்கு மேல் வந்து நிற்கிறது. கிதாரின் கரகரப்பு இந்தப் பாட்டில் வெறும் அலங்காரமாக நிற்கவில்லை, இடிமுழக்கத்தின் வேலையைச் செய்கிறது. பழைய பாட்டை ‘ரீமிக்ஸ்’ செய்வதற்கும் மறுபடி சிந்திப்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்குக் காட்ட இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆடு பாம்பே: தமிழ் வாசகர்கள் உடனே நிமிர்ந்து உட்காரும் பாடல் இது. இதன் அடிப்படை ஸ்ரீ நாராயண குரு மலையாளத்தில் இயற்றிய ‘குண்டலினிப் பாட்டு’. பாம்பை விளித்து ஆடச் சொல்வதும் அந்தப் பாம்பு உள்ளே உறங்கும் ஆற்றலின் குறியீடாக நிற்பதும் நமக்குப் பாம்பாட்டிச் சித்தர் பாடல்கள் வழியாக அறிமுகமானவை. மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகை என்று ஓர் இடத்தை இன்றும் காட்டுகிறார்கள். நாராயண குரு தமிழ் நன்கறிந்தவர். தமிழில் பதிகங்கள் பாடியவர், திருக்குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்தவர், கன்னியாகுமரிப் பகுதியின் மருத்துவாமலையில் தவமிருந்தவர். எனவே இப்பாட்டின் வடிவம் தமிழ்ச் சித்தர் மரபிலிருந்து கேரளம் சென்று, நூற்றாண்டு கடந்து, மின்கிதாரில் ஏறி நம்மிடம் திரும்பி வந்தது என்று சொல்லலாம்.

இதன் யாப்பும் கவனிக்கத்தக்கது. ‘ஆடு’, ‘பாம்பே’ இரண்டும் தேமாச் சீர்கள். இரண்டும் நெடிலில் தொடங்குகின்றன. ‘நட நட’வில் குறில்கள் டிரம்ஸோடு இணைந்தன என்றால், இங்கே நெடில்கள் கிதாரின் நீளும் நாதத்தோடு இணைகின்றன. ரெக்ஸ் விஜயன் எதிரொலிக் கருவிகளைக் கொண்டு கிதாரின் ஒரு சுரத்தை நீட்டி அலையவிடும் முறை இதற்குத் தோதாக அமைகிறது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் விளி திரும்ப வரும் சித்தர் மரபின் அமைப்பும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்பும் ராக் பாட்டின் அமைப்பும் அடிப்படையில் ஒன்றே. கலப்பிசை என்ற சொல்லே இங்கு தேவைப்படவில்லை.

குறைகள்

இத்தொகுப்பைக் குறையற்றது என்று சொல்ல முடியாது.

முதலாவது, சொல் தெளிவு. பல இடங்களில் குரல் கிதாருக்கும் மின்னணு ஒலிகளுக்கும் அடியில் போய்விடுகிறது. மாற்று ராக்கில் குரலும் கருவிகளில் ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் சொல்லைத் தேடி எடுத்து அதன் வலிமையில் நிற்கும் தொகுப்பு அந்தச் சொல்லையே கேட்கவிடாமல் செய்வது முரண். மலையாளம் ஓரளவு புரியும் எனக்கே பல வரிகள் இரண்டாம் மூன்றாம் முறை கேட்டபின்தான் பிடிபட்டன.

இரண்டாவது, ஒரே அடர்த்தி. எட்டுப் பாடல்களையும் தொடர்ந்து கேட்டால் ஒலியின் கனம் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பது தெரியும். அவியல் என்ற கறியின் சிறப்பு, ஒவ்வொரு காயும் வெந்த பிறகும் தன் வடிவத்தோடு கிடப்பது. மசித்துவிட்டால் அது கூட்டு ஆகிவிடும். இத்தொகுப்பின் நடுப்பகுதி சில இடங்களில் கூட்டாகிவிடுகிறது. கிதார் ஒதுங்கி நின்று குரலைத் தனியே விட்டிருந்தால் அடுத்து வரும் முழக்கத்துக்கு இன்னும் வலு கூடியிருக்கும்.

மூன்றாவது, சூழலைப் பிரிந்த சொல். குண்டலினிப் பாட்டு ஒரு சாதகத்தின் பகுதி. நாட்டார் பாட்டு உழைப்பின் பகுதி. அரங்கில் கைதட்டலுக்கு நடுவே அவை பாடப்படும்போது ஒன்று கிடைக்கிறது, ஒன்று போகிறது. நாட்டார் சாயலில் பாடும் எல்லாக் குழுக்களையும் நோக்கி இன்னொரு கேள்வியும் எழுகிறது. அச்சொற்களை வயலிலும் களத்திலும் உருவாக்கிய மக்களின் பெயர் எங்கே? ‘மரபுப் பாடல்’ என்ற ஒரு சொல்லுக்குள் பல தலைமுறைகளின் உழைப்பு மறைந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை ஒரு குழுவிடம் மட்டும் கேட்பது நியாயமல்ல. ஆனால் கேட்காமல் விடுவதும் நியாயமல்ல.

தொகுப்புக்குப் பின்

ஆஷிக் அபு இயக்கிய ‘சால்ட் அண்ட் பெப்பர்’ (2011) திரைப்படத்தில் அவியல் குழுவின் ‘ஆனக்கள்ளன்’ பாடல் இடம்பெற்றது. ரெக்ஸ் விஜயன் ‘சாப்பா குரிசு’ (2011), ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’ (2013), ‘மாயாநதி’ (2017), ‘சூடானி ஃப்ரம் நைஜீரியா’ (2018) முதலிய படங்களுக்கு இசையமைத்தார். புதிய மலையாளத் திரைப்படங்களின் ஒலி மாறியதில் அவருக்குப் பங்குண்டு. 2013-இல் தொடங்கிய தைக்குடம் பிரிட்ஜ் போன்ற குழுக்கள் பெரும் பார்வையாளர் கூட்டத்தைப் பெற்றதற்கும் அவியல் வழி திறந்துவைத்தது என்று கருதலாம்.

தமிழில் நிலைமை வேறு. ராக் இசையின் கருவிகளும் ஓசையும் நமக்குத் திரைப்படம் வழியாகவே பெரும்பாலும் வந்தன. ஓர் இளைஞர் இசைக்குழுவைப் பற்றிய ‘பாய்ஸ்’ (2003) படமே இதற்குச் சான்று. குழு கதையில் இருந்தது, பாட்டு திரையிசையாக இருந்தது. திரையிசை நமக்குத் தந்தது ஏராளம். ஆனால் அங்கே பாட்டு ஒரு காட்சிக்காக, ஒரு பாத்திரத்துக்காகப் பிறக்கிறது. பாடுபவர் தன் பெயரில், தன் சொல்லில், தன் ஊரைப் பற்றிப் பாடும் வாய்ப்பு அதில் குறைவு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ அந்த இடைவெளியை வேறு வகையில் நிரப்பியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய அக்குழு, கானாவையும் பறையையும் ராக், ராப் இசையோடு சேர்த்தது. அங்கும் வெற்றிக்குக் காரணம் இதேதான். கானா, வாயில் புழங்கிப் புழங்கித் தனக்கென்று நடை பெற்ற பாட்டு. மெட்டு சொல்லைத் தேடி அலையவில்லை. சொல்லே தன் மெட்டோடு வந்தது.

மதிப்பீடு

அவியல் தொகுப்பின் சிறப்பு, மலையாளத்தில் ராக் பாடியது என்பதோடு முடிவதில்லை. எந்த மலையாளத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதில்தான் அது இருக்கிறது. ஏவலும் விளியும் அடுக்கும் நிறைந்த, வாய்வழி வாழ்ந்த மொழியை அது எடுத்துக்கொண்டது. அதன் குறில் நெடில் கெடாமல் கிதாரையும் டிரம்ஸையும் அமைத்தது. சொல் கேட்காத இடங்களில் தொகுப்பு தளர்கிறது. சொல்லும் ஓசையும் ஒன்றான இடங்களில், குறிப்பாக மேலே சொன்ன மூன்று பாடல்களில், அது இன்றும் புதிதாக ஒலிக்கிறது.

எங்கள் பகுதியில் ராகிக்கல் சுற்றிக்கொண்டே பெண்கள் பாடிய பாட்டுகளைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். சில கன்னடத்தில், சில தெலுங்கில், சில எந்த மொழியென்று பிரித்துச் சொல்ல முடியாதவை. கல் ஒருமுறை சுற்றிவர ஒரு வரி. மாவரைக்கும் இயந்திரம் வந்தது, கல் ஓய்ந்தது, பாட்டும் ஓய்ந்தது. மாரியம்மன் திருவிழாவில் பம்பை இன்றும் ஒலிக்கிறது. அதன் நடையை எந்த டிரம்ஸ் கலைஞரும் கற்றுக்கொள்ளலாம்.

அன்று அந்த மாணவனுக்கு நான் சொல்லத் தவறியது இதுதான். ஆங்கிலப் பாட்டின் மெட்டை வைத்துக்கொண்டு தமிழ்ச் சொல்லைத் தேடாதே. உன் பாட்டி கல் சுற்றும்போது என்ன பாடினாள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள். அதை வாய்விட்டுச் சொல்லிப் பார், மாத்திரையை எண்ணிப் பார். அதன் பிறகு கிதாரை எடு. அன்று அவன் ஆங்கிலப் பாட்டையே பாடினான், நன்றாகவே பாடினான். அரங்கில் இருந்தவர்களில் எத்தனை பேருக்கு அது புரிந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.